ஆன்லைனில் பாடம் நடத்தும் பேராசிரியர்களுக்குத் துணை நிற்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இந்த செமஸ்டரிலிருந்து எல்எம்எஸ்ஸை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முதல்வர் அறையிலிருந்து ஒரு நாள் சொல்லிவிடுவார்கள். எல்எம்எஸ் என்றால் பாடக்குறிப்பு, வீடியோ, தேர்வு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து ஆன்லைனில் பாடம் நடத்த உதவும் மென்பொருள். பெரும்பாலும் இந்தப் பொறுப்பு கணினி அறிவியல் துறையில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு வரும். சில கல்லூரிகளில் நூலகருக்கோ ஆய்வக உதவியாளருக்கோ வரும். ஆணை கையில் இருக்கும், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல ஆள் இருக்காது. அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது. பொறியியல் கல்லூரியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்எம்எஸ் என்று இங்கே நான் சொல்வது பெரும்பாலும் மூடுல். மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது, சர்வருக்கும் அதைப் பராமரிக்கும் ஆளுக்கும்தான் செலவு. உங்கள் கல்லூரியில் கூகுள் கிளாஸ்ரூம் இருந்தால் பட்டன்களின் பெயரும் சில வசதிகளும் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேராசிரியருக்குப் பாடம் நடத்தத் தெரியும். வகுப்பறையில் அவர் ஏற்கெனவே நன்றாகச் செய்கிற ஒரு வேலையைத் திரைக்குக் கொண்டுவரக் கைகொடுப்பதுதான் உங்கள் வேலை. மென்பொருளில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு அது கடைசி வரை தேவைப்படாது.

முதலில் போய்ப் பேசுங்கள்

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் மூடுலைத் திறக்கவே வேண்டாம். துறை துறையாகப் போய், ஆர்வம் காட்டும் மூன்று நான்கு பேரோடு உட்கார்ந்து பேசுங்கள். "உங்களுக்கு என்ன டூல் வேண்டும்?" என்று கேட்டால், "நீங்களே ஏதாவது சொல்லுங்க தம்பி" என்றுதான் பதில் வரும். வேறு இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த யூனிட்டில் பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறுகிறார்கள்? எந்த இடத்தில் நீங்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது?

வணிகவியல் மேடம் ஒருவர் இறுதிக் கணக்குகளைச் சொல்வார். கொடுபட வேண்டிய சம்பளத்தை எங்கே காட்டுவது, முன்கூட்டிச் செலுத்திய வாடகையை எங்கே கழிப்பது என்பதை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கரும்பலகையில் போட்டுப் போட்டுக் காட்டுகிறேன் என்பார். அவருக்குத் தேவை, கணக்குப் போடும் கையைக் காட்டும் சின்னச் சின்ன வீடியோக்கள். வேதியியல் சாருக்கு வேறு கவலை. செய்முறையைப் படிக்காமலேயே பையன்கள் ஆய்வகத்துக்குள் வந்துவிடுகிறார்கள். முந்தின நாள் இரவுக்குள் எழுத வேண்டிய ஐந்து கேள்வித் தேர்வு ஒன்று அவருடைய காலை நேரத்தை மிச்சப்படுத்தும். தமிழ்த்துறை அம்மாவுக்கோ எண்ணிக்கைதான் சுமை. முதல் பகுதித் தமிழ் எல்லாத் துறை மாணவர்களுக்கும் உண்டு என்பதால் அவர் திருத்த வேண்டிய தாள்கள் மற்ற துறைகளைவிடப் பல மடங்கு. ஒரு மதிப்பெண் கேள்விகளையாவது கணினி திருத்திக் கொடுத்தால் போதும் என்பார்.

மூன்று பேருக்கும் மூன்று தேவைகள். மூவரையும் ஒரே கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்து "மூடுல் அறிமுகம்" என்று முழுநாள் பயிலரங்கு நடத்தினால் சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள், அடுத்த வாரம் யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள். பயிலரங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நான்கு பேர் உண்மையில் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, அவர்களே தங்கள் பாடப் பக்கத்தைக் காட்டிப் பேசும் கூட்டமாக அதை வையுங்கள். பக்கத்துத் துறைக்காரர் சொன்னால் நம்புவார்கள்.

விருப்பமில்லாதவர்களைத் துரத்த வேண்டாம். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்பதற்காக எல்லோரும் ஏதாவது பதிவேற்றியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் சொன்னாலும், உங்கள் நேரத்தில் பெரும்பகுதி விரும்பி வருகிறவர்களுக்கே போகட்டும்.

மாணவர் கையில் என்ன இருக்கிறது?

எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் மாணவர்களின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கெடுப்பைக் காகிதத்தில் எடுங்கள். கூகுள் ஃபார்மில் கேட்டால் நெட் இல்லாதவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், அவர்களைப் பற்றித்தான் நமக்கு முதலில் தெரிய வேண்டும். நான்கு கேள்விகள் போதும்: சொந்தமாக ஸ்மார்ட்போன் இருக்கிறதா, வீட்டில் எத்தனை பேர் அதைப் பகிர்கிறார்கள், தினசரி டேட்டா எவ்வளவு, வீட்டில் சிக்னல் எப்படி. அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் போன் கையில் கிடைக்கும் என்று எழுதும் மாணவி இருக்கிற வகுப்பில், காலை 10 மணிக்கு நேரலைத் தேர்வு வைக்கலாமா என்பதற்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அடுத்து டேட்டா கணக்கு. இதைப் பேராசிரியரோடு உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் வீடியோ வகுப்பு, ஒரு மணி நேரத்தில் 225 எம்பி சாப்பிடும். ஒரு நாளில் அப்படி ஐந்து வகுப்பு என்றால் 1,125 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் பையனுக்கு மிச்சம் மிகக் குறைவு. அதே பாடத்தை 64 கிலோபிட் ஆடியோவாகப் பதிந்தால் பத்து நிமிடத்துக்கு 5 எம்பிகூட வராது. கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழ்நாடு அரசு 9 லட்சத்துக்கும் அதிகமான கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு தருவதாக அறிவித்ததற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குத்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பல பேராசிரியர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: விளக்கம் சொல்வதைப் பதிவாகக் கொடுத்துவிடலாம், நேரலையைச் சந்தேகம் கேட்கவும் சேர்ந்து கணக்குப் போடவும் வைத்துக்கொள்ளலாம். நல்ல முடிவு. பதிவை ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம், நிறுத்தி நிறுத்தியும் பார்க்கலாம்.

பாடப் பக்கத்தை அமைப்பது

நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் பொதுவாக ஐந்து யூனிட்டாக இருக்கும். பாடப் பக்கத்தையும் ஐந்து பிரிவாகவே வையுங்கள். மூடுல் கொடுக்கும் வார அமைப்பு அழகாகத் தெரியும், ஆனால் நடுவில் கலைவிழாவும் மழை விடுமுறையும் வந்ததும் தேதிகள் குழம்பிவிடும். மாணவரும் "மூன்றாவது யூனிட்" என்றுதான் தேடுவார்.

ஒவ்வொரு யூனிட்டிலும் நான்கு வகைப் பொருள்கள் இருக்கட்டும்: பார்க்க, படிக்க, கேட்க, எழுத. அதாவது வீடியோ, குறிப்பு, கேள்வி கேட்கும் மன்றம், தேர்வு. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தின் படிப்புகளுக்கும் இதே நான்கு பகுதிகள்தான் அடிப்படை. ஆனால் முதல் செமஸ்டரிலேயே நான்கையும் நிரப்பச் சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம். ஒரு யூனிட் முழுதாக இருந்து மற்ற நான்கில் குறிப்பு மட்டும் இருந்தால்கூட நல்ல தொடக்கம்.

ஒரு துறையின் எல்லாப் பாடப் பக்கங்களும் ஒரே மாதிரி இருப்பது மாணவருக்குப் பெரிய உதவி. அதனால் காலி மாதிரிப் பக்கம் ஒன்றை நீங்களே செய்து, அதைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். மாணவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டாம். அலுவலகத்தில் எக்செல் பட்டியல் இருக்கும், அதை சிஎஸ்வி கோப்பாக மாற்றி மொத்தமாக ஏற்றிவிடலாம். பயனர் பெயருக்குப் பதிவெண்ணை வையுங்கள். கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியை மட்டும் வைக்காதீர்கள், அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது

இந்த வேலையின் நடு இடம் இதுதான். உதவிக்குப் போகும்போது பேராசிரியரின் இடத்துக்கே போங்கள். அவருடைய ஸ்டாஃப் ரூம், அவருடைய மடிக்கணினி, அவருக்கு வகுப்பில்லாத நேரம். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்திய ஒருவர், தன்னிடம் படித்து இன்று அதே துறையில் வேலை பார்க்கும் இளையவர்கள் முன்னால் "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்லத் தயங்குவார். தனியாக இருந்தால் கேட்பார். அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

மவுஸ் அவர் கையில்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்கிச் செய்தால் இரண்டு நிமிடத்தில் முடியும், அவர் செய்தால் பதினைந்து நிமிடம் ஆகும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் செய்துகொடுத்தது அடுத்த முறையும் உங்களிடமே திரும்பி வரும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், விரலால் திரையைச் சுட்டுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வில் நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும். பாடப் பக்கம் திறந்திருக்கும். கோப்பைச் சேர்க்கும் இடத்தைத் தேடி அவர் பக்கம் முழுக்க மேலும் கீழும் போய் வருவார். மேல் வலது மூலையில் 'எடிட் மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் போட்டால்தான் சேர்க்கும் வசதியே தெரியும். "மேடம், வலது பக்கம் மேலே பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் கண்டுபிடிக்கும் வரை அமைதியாக இருங்கள். கோப்பை ஏற்றிய பிறகு அடியில் இரண்டு சேவ் பட்டன்கள் வரும். ஒன்று பாடப் பக்கத்துக்குத் திரும்பும், இன்னொன்று ஏற்றியதைத் திறந்து காட்டும். எதை அழுத்துவது என்று பலர் கை நிற்பது இங்கேதான், தவறானதை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்ற பயம். "எதை அழுத்தினாலும் சேவ் ஆகிவிடும் மேடம்" என்ற ஒரு வாக்கியம் அந்தப் பயத்தைத் தீர்க்கும். இந்த மாதிரி இடங்களைக் கவனித்துக் குறித்து வையுங்கள், பிறகு எழுதப்போகும் உதவிக் குறிப்புக்கு அதுதான் சரக்கு.

முதல் அமர்வுக்கு ஒரு மணி நேரம் போதும். ஓர் அறிவிப்பு போடுவது, ஒரு குறிப்பை ஏற்றுவது, இரண்டு மூன்று கேள்விகளோடு ஒரு சின்னத் தேர்வு அமைப்பது. முடிந்ததும் 'ஸ்விட்ச் ரோல்' போய் மாணவராக மாறி அதே பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தான் ஏற்றியது மாணவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கும்போது முகம் மாறும். அங்கேயே உங்கள் கைபேசியிலும் திறந்து காட்டுங்கள். கணினியில் ஒழுங்காகத் தெரிந்த அட்டவணை போனில் வலது பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். மாணவர்கள் பார்ப்பது அந்தத் திரையைத்தான்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது அமர்வு. இந்த முறை நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த யூனிட்டை அவரே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பலர் பயிற்சியை முதல் அமர்வோடு விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவது அமர்வில் தனியாகச் செய்து பார்த்தவர்கள்தான் தொடர்கிறார்கள்.

தமிழ் எழுத்துருச் சிக்கல்

தமிழ், வரலாறு, பொருளியல் என்று தமிழ்வழிப் பாடம் நடத்தும் துறைகளில் நீங்கள் சந்திக்கும் முதல் பிரச்சினை மூடுலில் இருக்காது, எழுத்துருவில் இருக்கும். பல வருடமாகச் சேர்த்த வினா வங்கி, குறிப்புகள் எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். வேர்டில் திறந்தால் அழகான தமிழ். அதைக் காப்பி செய்து மூடுலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த வரிகளாக வந்து நிற்கும். "என் ஃபைலையே கெடுத்துவிட்டது" என்று அந்த அம்மா பதறுவார்.

கோப்பு கெடவில்லை. பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை அது எப்போதும் ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு என்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. பழைய எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நொடியில் மாற்றிவிடும். அதோடு வேலை முடியாது. நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி அர்த்தமில்லாத தமிழாகிவிடும், அதனால் அவற்றை முன்பே தனியே குறித்து வையுங்கள். மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளையும் ஸ, ஷ, ஜ, ஹ எழுத்துகளையும் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். மெய்ப்புப் பார்க்க அந்தத் துறையின் முதுகலை மாணவர்கள் இரண்டு பேர் உதவினால் வேகமாக முடியும்.

இனிமேல் எழுதுவதை யூனிகோடிலேயே எழுதச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய தட்டச்சு முறையில் கை பழகிய ஐயாவைத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புக்கு மாறச் சொல்லாதீர்கள். என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய தட்டச்சு விசைப்பலகையையே வைத்துக்கொண்டு யூனிகோடில் எழுத முடியும். விரல்கள் பழகியபடியே போகும், வெளியே வருவது மட்டும் யூனிகோடாக இருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99 நல்லது. தட்டச்சே வராதவர்களுக்குப் போனில் கூகுளின் குரல் தட்டச்சைக் காட்டுங்கள், தமிழை நன்றாகவே பிடிக்கிறது.

ஆன்லைன் தேர்வுகள்

கேள்விகளை ஒவ்வொன்றாக மூடுலில் அடிப்பது சலிப்பு. 'எய்க்கன்' என்ற எளிய வடிவத்தில் நோட்பேடில் எழுதி மொத்தமாக ஏற்றலாம். கேள்வி ஒரு வரி, அடுத்தடுத்த வரிகளில் விடைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஒரு புள்ளியும், கடைசி வரியில் 'ஆன்சர்' என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், பக்கத்தில் முக்கால்புள்ளி, சரியான விடைக்குரிய எழுத்து. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

தேர்வு அமைப்புகளில் நீங்களே கட்டாயம் பார்க்க வேண்டியது 'ரிவ்யூ ஆப்ஷன்ஸ்' என்ற பகுதி. எழுதும்போது, எழுதி முடித்ததும், தேர்வு திறந்திருக்கும் வரை, தேர்வு மூடிய பிறகு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மாணவர் எதைப் பார்க்கலாம் என்று டிக் போட வேண்டும். மூடுல் தானாகப் போட்டுவைக்கும் டிக்குகளை அப்படியே விட்டால், முதலில் முடித்த மாணவருக்கு எல்லா விடைகளும் உடனே தெரியும். ஐந்து நிமிடத்தில் அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். அகமதிப்பீட்டுக்கான தேர்வு என்றால் சரியான விடை, மதிப்பெண் இரண்டையும் "தேர்வு மூடிய பிறகு" கட்டத்தில் மட்டும் விடுங்கள். பயிற்சித் தேர்வு என்றால் நேர்மாறாக உடனே காட்டுங்கள், அப்போதுதான் கற்பார்கள்.

மின்சாரம் போனது, நெட் போனது என்று சில மாணவர்கள் வருவார்கள். மூடுல் எழுதிய விடைகளைச் சிறு இடைவெளிகளில் தானாகச் சேமிக்கும், அதனால் திரும்ப உள்ளே வந்தால் பெரும்பாலும் எல்லாம் இருக்கும். நேரம்தான் போயிருக்கும். 'யூசர் ஓவர்ரைடு' என்ற வசதியில் அந்த ஒரு மாணவருக்கு மட்டும் கூடுதல் நேரமோ இன்னொரு வாய்ப்போ கொடுக்கலாம். பேராசிரியருக்கு இதைச் செய்து காட்டிவிடுங்கள். இது தெரியாததால் "எல்லோருக்கும் மறுதேர்வு" என்று அறிவித்துவிடுகிறார்கள்.

காப்பியடிப்பதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். கேமரா வைத்துக் கண்காணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே போனை வீட்டில் மூன்று பேர் பகிரும் மாணவரை அது வதைக்கும், விவரமானவரை அது தடுக்காது. கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கு வேறு வேறு கேள்வி வரும்படி வைப்பது, மதிப்பெண்ணைக் குறைத்துத் தேர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, பெரிய தேர்வை நேரில் வைப்பது, இவை போதும். படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது நாள்பட மனதில் தங்குகிறது என்று ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அடிக்கடி வைக்கும் சின்னத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை, அதுவே படிப்பும்கூட என்று பேராசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வீடியோ

ஸ்டுடியோ எதுவும் வேண்டாம். வணிகவியல், கணிதம், இயற்பியல் ஆசிரியர்களுக்கு மிகச் சிறந்த ஏற்பாடு இதுதான்: மேசை மேல் நோட்டு, அதற்கு நேர் மேலே ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த போன், காதில் மைக் உள்ள இயர்போன். கணக்கைப் போட்டுக்கொண்டே பேசட்டும். படத்தைவிட ஒலி முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கெட்டி மையுள்ள பேனா கொடுங்கள்.

நீளம் ஆறு நிமிடத்துக்குள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோக்கள் பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வெறும் ஸ்லைடுகளைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவை அதிக நேரம் பார்த்தார்கள் என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவது வீண். இறுதிக் கணக்கின் சரிக்கட்டுதல்களில் கொடுபட வேண்டிய செலவுக்கு ஒன்று, முன்கூட்டிச் செலுத்தியதற்கு ஒன்று, தேய்மானத்துக்கு ஒன்று என்று உடைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை மூடுல் சர்வரில் ஏற்றாமல் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக, அதாவது தேடலில் வராமல் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி, போட்டு இணைப்பைக் கொடுங்கள். சர்வரில் இடமும் மிச்சம், சிக்னலுக்கேற்ப தரத்தை யூடியூபே குறைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் புதிதாகப் பதியவும் தேவையில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும், 2003-இல் தொடங்கிய என்பிடெல் தளத்தில் அறிவியல், பொறியியல் பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன. தமிழ்த்துறைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மென்பொருள் கற்கும் மாணவர்களுக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலும் கிடைக்கும். இணைப்போடு, எந்த நிமிடத்திலிருந்து எதுவரை பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மாணவர்கள் பார்ப்பார்கள்.

நேரலை வகுப்பு

இதில் சொல்ல அதிகம் இல்லை. இலவச ஜூம் கணக்கில் 40 நிமிடம், தனிநபர் கூகுள் மீட் கணக்கில் குழு அழைப்புக்கு 60 நிமிடம்தான். கல்லூரிக் கணக்கில் நடத்தினால் இந்தச் சிக்கல் வராது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு நீங்களும் உள்ளே இருந்து, சாட்டில் வரும் கேள்விகளைப் பேராசிரியருக்குச் சொல்லுங்கள், அப்புறம் அந்த வேலையை வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்துவிடலாம். மாணவர்களின் கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று பேராசிரியர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். டேட்டா ஒரு காரணம். வீடு எப்படி இருக்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்ட விரும்பாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய என்பது இன்னொரு காரணம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்

நம் கல்லூரிகளின் கலைப் பிரிவுகளில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் மூலம்தான் அவர்கள் படிக்கிறார்கள். புத்தகப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் திரைவாசிப்பானுக்கு அதில் எழுத்தே இல்லை, ஒன்றையும் வாசிக்காது. கூகுள் டிரைவில் அந்தக் கோப்பை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும். பிழைகளைத் திருத்தி அந்த எழுத்து வடிவத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். இப்படி ஒரு மாணவர் இருக்கும் வகுப்பின் பாடப் பக்கத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கல்வி நிறுவனத்துக்கு இதைக் கடமையாகவே வைக்கிறது. முடிந்தால் அந்த மாணவரையே கூப்பிட்டு, ஒரு பக்கத்தை அவர் எப்படிப் படிக்கிறார் என்று பேராசிரியரோடு சேர்ந்து ஒரு முறை கேளுங்கள்.

உதவி கேட்டு வரும் அழைப்புகள்

அழைப்பு எந்த நேரத்திலும் வரும், தேர்வு அன்று காலையில் நிறைய வரும். ஒரு நோட்டில் தேதி, யார், என்ன கேட்டார், எப்படித் தீர்ந்தது என்று எழுதி வாருங்கள். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் அதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதும் நேரம் வந்துவிட்டது. உங்கள் கல்லூரித் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்களையே எடுத்து, தமிழில் விளக்கி, பட்டனின் பெயரைத் திரையில் இருக்கிறபடி எழுதுங்கள். ஐந்து பக்கக் கையேட்டை யாரும் திறப்பதில்லை, ஒரு பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள்.

முதல்வரிடம் தொடக்கத்திலேயே சில விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று கால அட்டவணையில் ஒதுக்கீடு, சர்வருக்குத் தினசரி பேக்கப், ஒரே நேரத்தில் பல வகுப்புகள் தேர்வு எழுதாதபடி துறைகளுக்குள் நேரப் பங்கீடு. மூன்றாவதை விட்டுவிட்டால் காலை 10 மணிக்கு நான்கு துறைகள் சேர்ந்து தொடங்கும், சர்வர் படுத்துவிடும், பழி மூடுல் மேல் விழும். உங்கள் அழைப்பு நோட்டை அப்போது கையில் எடுத்துப் போங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு வேலை என்று அதில் தெரியும், நேர ஒதுக்கீடு கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

செமஸ்டர் முடியும்போது

மதிப்பெண்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு பாடப் பக்கத்துக்கும் இரண்டு பேக்கப் எடுங்கள். ஒன்று மாணவர்களின் விடைகளோடு, கல்லூரியின் ஆவணத்துக்காக. இன்னொன்று, 'என்ரோல்டு யூசர்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு, பாடப்பொருள் மட்டும். அடுத்த வருடம் இதே பாடத்தை நடத்துபவர் இந்த இரண்டாவதை மீட்டெடுத்து, தேதிகளை மட்டும் மாற்றித் தொடங்கலாம்.

இரண்டாவது கோப்பின் ஒரு பிரதியை அந்தப் பாடத்தைச் செய்த ஆசிரியரின் பென்டிரைவிலும் போட்டுக் கொடுங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். அடுத்த ஜூனில் அவர்கள் வேறு ஊரில், வேறு கல்லூரியில் இருக்கலாம். அவர்களின் கணக்கை மூடுவதற்கு முன்னால் கூப்பிட்டு, கோப்பைக் கையில் கொடுத்து, அங்கே மூடுலில் எப்படி மீட்டெடுப்பது என்பதையும் ஒரு முறை அவர்கள் கையாலேயே செய்ய வைத்து அனுப்புங்கள்.